ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு பல்பு

என் மச்சான் கீபோர்டு ஒன்றைக் கொண்டுவந்து இறக்கிய அன்றே என் கிட்டாருக்கு நாள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். எங்கள் ஊர் நல்லேப்பிள்ளியைச் சுற்றியுள்ள கோயில்களில் நோம்பி, அதாவது திருவிழா, என்றால் அவருடைய இசைக்குழுதான் பாடும். பாடகர், நிறுவனர், மைக்கில் நன்றி சொல்பவர் எல்லாம் அவரே. நான் பகலில் நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவன், சாயங்காலம் அவருக்குப் பின்னால் நின்று கிட்டார் வாசிக்கிறவன். அந்தக் கீபோர்டில் ஒரு பட்டனை அமுக்கினால் கிட்டார் சத்தம் வந்தது. பக்கத்துப் பட்டனை அமுக்கினால் வேறொரு கிட்டார் வந்தது. என்னிடம் இருந்தது ஒரே கிட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க மாப்ள," என்றார் மச்சான். "இந்த நோம்பிக்கு வாசிங்க. பட்டன்ல வராத சத்தம் எதாச்சும் உங்ககிட்ட இருந்தாப் பாப்பம். இல்லீன்னா அடுத்த நோம்பிக்கு முன்னால சேர் போட்டு உக்கோந்து கேளுங்க. உங்களுக்கும் சிரமமில்ல பாருங்க."

என் சிரமத்தைப் பற்றி அவர் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். உள்ளே பற்றி எரிந்தது. குழுவில் நான் பெரிய ஆள் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் வரப்பில் மண்வெட்டியோடு நிற்கிற நேரமெல்லாம் அந்தச் சாயங்காலங்களை நினைத்துத்தான் நின்றுகொண்டிருந்தேன். அதையும் பிடுங்கிவிட்டால் மிச்சமிருப்பது தண்ணீர் பாய்ச்சுவது மட்டும்தான்.

பட்டனில் வராத சத்தம் ஒன்று எனக்குத் தெரியும். பழைய வெளிநாட்டு இசைத்தட்டுகளில் கிட்டார் நேராக வராது. சுழன்று, அலைந்து, கிட்டே வந்து தள்ளிப் போகும். அதைச் செய்தது காலால் மிதிக்கிற ஒரு பெட்டி. உள்ளே நடுவில் ஒரு சின்ன பல்பு மூச்சு விடுகிற மாதிரி பிரகாசித்து மங்கிக்கொண்டிருக்கும். சுற்றிலும் வெளிச்சம் பட்டால் குணம் மாறுகிற நான்கு சின்ன வில்லைகள். கிட்டாரின் சத்தம் அவற்றின் வழியாகப் போகும்போது, பல்பு ஏறி இறங்குவதற்கு ஏற்பச் சத்தமும் அலையும். அவ்வளவுதான் விஷயம். அந்தப் பெட்டியை வீட்டிலேயே செய்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

இணையத்தில் இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. எல்லாரும் வயதான ஆண்கள், எல்லாரும் கோபக்காரர்கள். பல்பு அந்தக் காலத்துப் பல்பாகத்தான் இருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. எல்.இ.டி. போட்டவனோடு பேச்சுவார்த்தையே கூடாது என்பது இன்னொரு கட்சி. பழைய பெட்டியில் இருந்த இரைச்சலை நீக்கிவிட்டேன் என்று பெருமையாக எழுதிய ஒருவரை, அந்த இரைச்சல்தான் உயிர் என்று சொல்லி நார் நாராகக் கிழித்தார்கள். கொஞ்ச நாளில் நானும் அவர்களில் ஒருவனாகி, யாரோ முகம் தெரியாதவரோடு பல்புக்காகச் சண்டை போட்டேன். அந்தக் காலத்துக் குறைகளை ஒன்றுவிடாமல் திரும்பக் கொண்டுவருவதற்காகப் புத்தம்புதுப் பாகங்களை வரவழைத்தேன்.

உரமூட்டைகள் அடுக்கிய அறையில் வேலை நடந்தது. எங்கள் பக்கத்தில் கரண்டு வரும், போகும், இரண்டுக்கும் நடுவே பல நிலைகளில் நிற்கும். வயல்களில் மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் ஃபேன் தளரும், மிக்ஸி முனகும், என் சால்டரிங் ராடு ஈயத்தை உருக்காமல் வெறுமனே தடவிக் கொடுக்கும். வோல்டேஜ் பார்க்க எங்கள் ஊர்க்காரர்களுக்கு மீட்டர் வேண்டாம், காதே போதும். ஒரு ஸ்பீக்கர் லேசாக அலைந்தாலே எந்த வயலில் மோட்டார் போட்டிருக்கிறார்கள் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

பாகங்களை வைக்க உறுதியான பெட்டி வேண்டும். மோட்டார் ஷெட்டில் பழைய ஸ்டார்ட்டர் பெட்டி ஒன்று கிடந்தது. கனமான இரும்பு, முகத்தில் பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன். பழைய பாணி என்று கேட்டால் இதைவிடப் பழைய பாணி எங்கே கிடைக்கும்? உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கிவிட்டு, பச்சையை மிதித்தால் சத்தம் சுழலவும் சிவப்பை மிதித்தால் நிற்கவும் ஒயர் இழுத்தேன். பல்பின் வெளிச்சம் சிதறாமல் வில்லைகள்மேல் விழ, பளபளப்பான ஒரு சின்னக் கிண்ணம் தேவைப்பட்டது. என் மனைவியின் எவர்சில்வர் குங்குமச் சிமிழின் மூடி அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது. கேட்டுத்தான் எடுத்தேன் என்று எழுத ஆசைதான்.

முதல் தடவை பச்சையை மிதித்து கிட்டாரில் ஒரு கார்டு அடித்தேன். சத்தம் எழுந்தது, உரமூட்டைகளைச் சுற்றி வந்தது, தளர்ந்தது, மறுபடி எழுந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருடம் கிட்டார் வாசித்ததில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

சமையலறையில் மிக்ஸி நின்றது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, கரண்டு ஏறி ஏறி எறங்குதாட்டம் இருக்குது. மோட்டார் ஓடுதுங்ளா? போயி நிறுத்துங்க, மிக்ஸி பொகஞ்சிரும்."

"மோட்டார் இல்ல. இது நான் செஞ்ச சத்தம்."

அவள் பெட்டியைப் பார்த்தாள், உள்ளே மின்னிய மூடியையும் பார்த்தாள். "என்ற சிமிழு மூடிய வெச்சா இப்பிடிக் கெடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். இவளுக்கு இசை தெரியாது என்று அந்தப் பேச்சை ஒதுக்கிவிட்டேன்.

நோம்பி அன்று சாயங்காலம் பெட்டியை மேடையில் வைத்தேன். மச்சான் குனிந்து பார்த்தார். "ஸ்டார்ட்டரு எதுக்குங் மாப்ள மேடைக்கு?"

"வாசிச்சாத் தெரியும் மச்சான்."

சவுண்டுக்காரரிடமும் வாய் திறக்கவில்லை. முன்கூட்டிச் சொன்னால் ஆச்சரியம் போய்விடுமே. என் காலடியில், எனக்குக் கேட்பதற்காக, ஸ்பீக்கர் வைத்த ஒரு சின்ன ஆம்ப். அதிலிருந்து ஒரு ஒயர் சவுண்டுக்காரரிடம் போய், அங்கிருந்து சத்தம் பெரிய ஸ்பீக்கர்களுக்குப் போகும்.

இரண்டாவது பாட்டில் நடு இசை என்னுடையது. பச்சையை மிதித்தேன். மைதானம் முழுக்கச் சத்தம் அலையலையாகப் புரண்டது. சனம் சட்டென்று நிமிர்ந்தது. என்னைப் பார்க்கவில்லை. மேலே டியூப்லைட்டுகளைப் பார்த்தது.

கமிட்டிச் செயலாளர் மேடையேறி, பாட்டை நிறுத்தாமலே மச்சானின் மைக்கை வாங்கினார். "வோல்டேஜ் ரொம்ப ஆடுதுங்க. பாடசேகரத்து வயல்காரங்க நோம்பி முடியற வரைக்கும் மோட்டார நிறுத்தி ஒத்தொழச்சு சகரிக்கோணும்னு கமிட்டி சார்புல கேட்டுக்கறமுங்க." உடனே கூட்டத்தின் ஓரத்தில் இரண்டு மூன்று பைக்குகள் வயல் பக்கம் கிளம்பின. அதில் ஒன்று என் வயலுக்குப் போனது என்பது மறுநாள் தண்ணீர் ஏறாமல் கிடந்த நாற்றங்காலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

செயலாளர் என்றால் எதையாவது அறிவித்துக்கொண்டுதான் இருப்பார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். வாசித்துக்கொண்டே இருந்தேன். ஒரு பாட்டு, அடுத்த பாட்டு, அதற்கடுத்த பாட்டு. என் காலடியிலிருந்து அந்தச் சத்தம் சுழன்று சுழன்று எழும்பியது. கடைசியில் கைதட்டல் அடங்கவே இல்லை. நான் குனிந்து வணங்கினேன். எனக்கு இடம் உறுதியாகிவிட்டது என்று நினைத்தேன்.

வீட்டில் மனைவி ஃபோனில் எடுத்திருந்த வீடியோவைப் போட்டுக் காட்டினாள். மச்சான் பாடுகிறார், கீபோர்டு கேட்கிறது, டிரம்ஸ் கேட்கிறது. நான் கண்ணை மூடி ஆடுகிறேன். கிட்டார் இல்லை.

"மோட்டார நிறுத்தியும் ஆட்டம் நிக்குலீங்க," என்றாள். "சவுண்டுக்காரரு ஒவ்வொண்ணாக் கொறச்சுப் பாத்தாரு. உங்களுதக் கொறச்சதும் சரியாப் போச்சு. அப்பறம் அத ஏத்தவே இல்லீங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விரலெல்லாம் நல்லாத்தான் ஓடுச்சு," என்றும் சொன்னாள்.

என் காலடி ஆம்ப் எனக்கு மட்டும் பாடியிருக்கிறது. அந்தக் கைதட்டலை நினைத்தால் உடம்பு கூசியது.

காலையில் மச்சானின் பைக் வாசலில் நின்றது. முன்வரிசை நாற்காலியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறார் என்று மனதைத் தயார் செய்துகொண்டேன். அவர் வந்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்கள நான் தப்பா எடை போட்டுட்டனுங் மாப்ள. நேத்துக் கரண்டு அந்த ஆட்டம் ஆடுச்சு. உங்க பெட்டி மட்டும் தாங்கிப் புடிக்கலீன்னா நம்ம கீபோர்டு பொகஞ்சு போயிருக்கும். அதுக்கப்பறம் சத்தம் எவ்வளவு சுத்தமா இருந்துச்சு பாத்தீங்ளா? கையாலயே ஸ்டெபிலைசர் செஞ்சிருக்கீங்க, ஒரு வார்த்த சொல்லக்கூடாதுங்ளா?"

வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை.

"இனி நீங்க இல்லாம ஒரு நோம்பியும் இல்லீங்க. கீபோர்டையும் அந்தப் பெட்டியிலயே சொருகிக்கலாமுங்ளா?"

பல்பைப் பற்றி, நான்கு வில்லைகளைப் பற்றி, சத்தம் எப்படிச் சுழலும் என்பதைப் பற்றி எல்லாமே நாக்கு நுனிவரை வந்தது. அவமானமாக இருந்தது. கூடவே நிம்மதியாகவும் இருந்தது, அதுதான் இன்னும் பெரிய அவமானம்.

"அதுக்கென்னுங் மச்சான்," என்றேன். "பக்கவாட்டுல ஒரு பிளக் பாயிண்டு வெச்சுத் தர்றேன்."