சாமியில்லாத மலை

மலை ஏறுவதென்றால் மேலே ஒரு சாமி இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இதில் இரண்டு கருத்து கிடையாது. மருதமலைக்குப் போகலாம். கிணத்துக்கடவு முருகனைப் பார்க்கப் படியேறலாம். வேண்டிக்கொண்டு வெள்ளியங்கிரி போய் முழங்கால் வீங்கித் திரும்பலாம். எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் சித்தப்பா சனிக்கிழமை தவறாமல் ஏறப்போன மலையில் சாமி இல்லை. அதை அவரே வேறு ஒப்புக்கொண்டார்.

கோயமுத்தூர் கணபதியில் ஒரு பம்ப் ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார் சித்தப்பா. இரண்டு தெரு தள்ளி ஒரே வீட்டில் அப்பா, அம்மா, நான், சித்தப்பா, சித்தி என்று ஐந்து பேர் இருந்தோம். அவருக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். வீட்டில் அவர் பேசிய வார்த்தைகளை எண்ணினால் விரலே மிஞ்சும். தண்ணி கேட்பார், சோறு போதும் என்பார், வெளியே கிளம்பும்போது வாரேன் என்பார். சனிக்கிழமை மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்ததும், உக்கடத்தில் பழைய சாமான் கடையில் வாங்கிய பச்சைப் பையில் போர்வை, தண்ணிக் கேன், நாலு பன் எல்லாம் அடைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடுவார். ஞாயிறு சாயங்காலம் டிவியில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது முகமெல்லாம் கறுத்துத் திரும்புவார். அங்கே என்னதான் இருக்கிறது என்று கேட்டால் "சும்மா" என்பார். அந்த ஒரு வார்த்தைதான் வினையாகப் போனது.

சும்மா எவனாவது மலை ஏறுவானா? சித்தி முதலில் அவர் சொன்னதை நம்பிக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வாரம் பையைத் துவைக்க எடுத்தபோது உள்ளே கைக்கண்ணாடி ஒன்று இருந்தது. அதை அம்மாவிடம் கொண்டுவந்து காட்டினாள்.

"மலைக்குப் போற ஆம்பளைக்கு மூஞ்சி பாக்கற கண்ணாடி எதுக்குங்கக்கா?"

அம்மாவுக்கு இந்த மாதிரி விஷயங்களில் ஒத்தாசை செய்வது ரொம்பப் பிடிக்கும். சட்டையில் ஏதாவது வாசனை வருகிறதா, புதுச் சீப்பு இருக்கிறதா என்று தன் பங்குக்கு நாலு கேள்வியைப் போட்டு வைத்தாள். சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படி மட்டும் ஏதாவது இருந்தால் கோபியில் இருக்கிற அம்மா வீட்டுக்கே போய்விடுவேன் என்றாள்.

அப்போது எனக்குப் பத்து வயது. அந்த வீட்டில் நான் பேசுவதை முழுசாகக் காது கொடுத்துக் கேட்ட ஒரே ஆள் சித்திதான். இழுக்காமல் தலை பின்னத் தெரிந்தவளும் அவள்தான். உண்மையைச் சொன்னால், சித்தப்பா போனால்கூட எனக்குப் பரவாயில்லை, சித்தி போகக் கூடாது. அதனால் உளவு பார்க்க நானே கிளம்பினேன்.

என்னையும் கூட்டிப் போங்கள் என்று அடுத்த சனிக்கிழமை அடம்பிடித்தேன். மறுப்பார், மறுத்தால் குற்றம் உறுதி என்று கணக்குப் போட்டிருந்தேன். "சரி, வா அம்மணி" என்று சொல்லிவிட்டார். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிறாரே என்று சந்தேகம் இன்னும் கூடியது. சித்தி என் தலையைத் தடவி அனுப்பி வைத்தாள்.

"யாருகிட்டப் பேசறாரு, என்ன பேசறாரு, எதுக்குச் சிரிக்கறாரு, அத்தனையும் பாத்துப்போட்டு வந்து சொல்லோணும் கண்ணு."

காந்திபுரத்தில் ஆனைகட்டி பஸ் ஏறினோம். ஜன்னலோர சீட்டை எனக்குக் கொடுத்தார், அதையும் லஞ்சம் என்றே எடுத்துக்கொண்டேன். நடுவழியில் இறங்கி மண்பாதையில் நடந்தால் மலையடிவாரத்தில் ஓட்டு வீடு ஒன்று. ஒர்க்‌ஷாப்பில் அவரோடு வேலை செய்கிற நண்பருடைய வீடாம். வாசலுக்கு வந்தது நண்பர் இல்லை, மல்லிகைப் பூ வைத்த ஒரு பெண்.

"வாங்கண்ணா" என்றாள். அண்ணா என்றதால் ஆயிற்றா? மளிகைக் கடைக்காரரைக்கூடத்தான் அம்மா அண்ணா என்பாள். ஆனால் பின்னாலேயே நண்பரும் இரண்டு குழந்தைகளும் வந்தார்கள். அவருடைய மனைவிதான் அவள். அவள் என்னை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, புள்ளையக் கூட்டிட்டு வந்திருக்கறீங்க, அண்ணியக் கூட்டிட்டு வரலீங்களா?" என்று கேட்டாள்.

"அவளுக்கு மலையெல்லாம் புடிக்காதுங்க" என்றார் சித்தப்பா.

அன்றைக்குச் சாயங்காலம் களி கிண்டிப் போட்டார்கள். சாப்பிடும்போது சித்தப்பா பேச ஆரம்பித்தார். போர்மேன் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே ஒர்க்‌ஷாப் முழுக்கத் தேடியதை நடித்துக் காட்டினார். குழந்தைகள் புரையேறச் சிரித்தன. நானும் சிரித்துவிட்டேன். இந்த ஆள்தானா நம் வீட்டில் இருப்பவர் என்று சந்தேகம் வந்து, சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டு உற்றுப் பார்த்தேன்.

விடிந்ததும் ஏறினோம், சித்தப்பாவும் நண்பரும் நானும். முட்செடி பாவாடையைப் பிடித்து இழுத்தது. பாதி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இனி வரமாட்டேன் என்று அழுதேன். உச்சியைப் பார்க்காதே, அடுத்த கல்லைப் பார் என்று சொல்லி ஒவ்வொரு கல்லாகக் கை கொடுத்து ஏற்றிவிட்டார். ஒரு தடவைகூட எரிந்து விழவில்லை.

மேலே வெறும் பாறை. காற்று ஆளைத் தள்ளியது. நான் உடனே வேலையைத் தொடங்கினேன். மஞ்சள் பூசிய கல், நட்டு வைத்த வேல், கற்பூரம் ஏற்றிய கரி, ஏதாவது ஒன்று கண்ணில் படுமா என்று பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஆட்டுப் புழுக்கைதான் இருந்தது.

"அப்பறம் எதுக்குங்க சித்தப்பா ஏறுனோம்?"

"ஏறறதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து அந்தக் கண்ணாடியை எடுத்தார். முகம் பார்க்கவில்லை. வெயிலில் காட்டி இப்படியும் அப்படியும் ஆட்டினார். கொஞ்ச நேரத்தில், கீழே தீப்பெட்டியளவு தெரிந்த ஓட்டு வீட்டு வாசலில் மினுக் மினுக்கென்று பதில் வெளிச்சம் வந்தது. குழந்தைகள் எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி ஆட்டுகிறார்களாம். சித்தப்பா 'ஓ' என்று கத்திக்கொண்டு குதித்தார். முப்பது வயது ஆள் குதித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணாடி மர்மம் இவ்வளவுதானா என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அப்புறம் பன்னைத் தின்றுவிட்டுப் பாறையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, தாளம் தப்பிய குரலில் பாடினார். அங்கிருந்து நம் வீடு தெரியுமா என்று கேட்டேன். தூரத்தில் புகை மாதிரி இருந்த ஒன்றைக் காட்டி அதுதான் கோயமுத்தூர் என்றார். "ஊடெல்லாம் தெரியாது அம்மணி. அதுதான் நல்லாருக்குது" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பொம்பளை இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சித்தி எங்கேயும் போக வேண்டாம். சித்தப்பாவோ காந்திபுரம் நெருங்க நெருங்கப் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார். வீட்டுக்குள் நுழைந்து தண்ணி கேட்டார், படுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னும்போது சித்தியிடம் ஒப்பித்தேன். ஒன்றையும் விடவில்லை. போர்மேன் கதையை நானும் நடித்துக் காட்டினேன். குதித்ததைச் சொன்னேன், பாடியதைச் சொன்னேன். பின்னல் பாதியில் நின்றது.

"பாடுனாரா? பாட்டு?"

"ஆமாங்க சித்தி. சிரிச்சுக்கிட்டே இருந்தாருங்க."

அவளுக்கு மலை பிடிக்காது என்று அவர் சொன்னதையும் சொன்னேன். வீடு தெரியாததுதான் நல்லாயிருக்கிறது என்றதையும் சொன்னேன். உளவுக்காரி எதையும் மறைக்கக் கூடாது அல்லவா?

"நான் எப்பக் கண்ணு மலை புடிக்காதுன்னு சொன்னேன்?" என்று கேட்டாள் சித்தி. பின்னி முடித்து ரிப்பன் கட்டிவிட்டாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் பின்னித் தலை வலித்தது.

அந்த வாரமே சித்தி பெட்டி கட்டினாள். சித்தப்பா லேத்துக்குப் போயிருந்தார். அப்பா சத்தம் போட்டார். அதுதான் புள்ளையே நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்லிவிட்டதே, அப்புறமும் எதற்குச் சந்தேகம் என்று அம்மா கேட்டாள். சந்தேகமெல்லாம் இல்லை என்று மட்டும் சித்தி சொன்னாள். நான் வாசல் வரைக்கும் ஓடிப்போய் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் அடுத்த வாரமும் போயி இன்னும் நல்லாப் பாத்துட்டு வாரேனுங்க சித்தி. போகாதீங்க."

"வேண்டாங்கண்ணு" என்று என் கையை மெதுவாக விடுவித்தாள். "நீ நல்லாத்தான் பாத்துருக்கற."

அவள் தெருமுனை திரும்பும்வரை அழுதுகொண்டு நின்றேன். பிறகு, உளவு பார்த்துப் பழகிய புத்தியால் யோசித்தேன். சித்தப்பா மேல் தப்பில்லை. சித்திக்கும் என் பேச்சில் நம்பிக்கை இருக்கிறது. அப்படியும் போகிறாள் என்றால், கோபியில் அவளுக்கென்று யாரோ ஒரு ஆள் இருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், அதையும் அம்மாவிடம் சொன்னேன்.