யாரும் விரும்பாத பதவி

நெவென்கா ஆசிரியர் சங்கத்தின் பள்ளிக் கிளைக்குத் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நேரத்தில், பல் வைத்தியரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்தாள். மறுநாள் வீங்கிய கன்னத்தோடு ஆசிரியர் அறைக்குள் நுழைந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். பிஸ்த்ரா என்ற அந்தச் சிற்றூரில், எட்டாம் வகுப்புவரை இருந்த பள்ளியில் அதுதான் வழக்கம். கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அவரைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். வந்திருந்தால் மறுத்திருப்பார் அல்லவா.

"வேண்டாம்னா இப்பவே சொல்லிடு நேனா," என்றார் உடற்பயிற்சி ஆசிரியர் ரதோவான், அவளைச் செல்லப்பெயரால் கூப்பிட்டு. "ஆனா டாக்டர் உன்னை வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருப்பாரே."

அறை முழுக்கச் சிரித்தது. அவளும் நல்ல பக்கத்து வாயால் சிரித்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

எதையும் தாமதமாகவே அடைந்தவள் அவள். அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில், இறங்குகிறவர்களுக்கு விளக்கு எடுத்துக்கொடுக்கும் அறையில் இருந்தார். அவள் பள்ளிப்படிப்பு முடிந்ததும் அதே சுரங்கத்தின் உணவுக்கூடத்தில் பீன்ஸ் சூப் ஊற்றப் போனாள். ஊற்றிக்கொண்டே படித்தாள். தேர்வு வரும்போதெல்லாம் விடுப்புக் கேட்டு ரயிலேறி நிஷ் நகரத்துக்குப் போய் எழுதிவிட்டு வந்தாள். புவியியல் ஆசிரியையாக முதல் வகுப்பில் நின்றபோது அவளுடைய வயதுக்காரர்கள் பணியில் பாதி தூரம் கடந்திருந்தார்கள். சுரங்கத்தில் மின்பணியாளனாக இருந்த ஸ்தானொயேயைக் கல்யாணம் செய்துகொண்டதும் பிந்தித்தான். பிறகு சுரங்கத்தை மூடினார்கள். ஸ்தானொயேக்கு மிஞ்சியது கொஞ்சம் பணமும் நிறைய இருமலும்.

சங்கம் என்றால் கொடி, ஊர்வலம், முழக்கம் என்று நினைக்கிறவர்கள் பிஸ்த்ராவுக்கு வந்து பார்க்க வேண்டும். அங்கே சங்கம் என்றால் அரைப்பன்றி. குளிர்காலம் தொடங்கும்போது, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த பன்றிகளைச் சங்கம் மொத்தமாக வாங்கித் தவணையில் கொடுக்கும். சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். பள்ளியின் பின்முற்றத்தில் லாரி வந்து நிற்கும். மேசைப்பந்து ஆடும் சிமெண்டு மேசையில் பிளாஸ்டிக் தாள் விரித்து, உறைந்த விரல்களோடு எடை பார்த்துக் கொடுக்கிறவள் நெவென்கா. வாங்க வருகிறவர்கள் நல்ல கோட்டும் கையுறையுமாக நிற்பார்கள்.

"இதுல கொழுப்புதான் இருக்கு, கறியைக் காணோம்."

"போன வருஷம் கறியா இருக்கு, கொழுப்பு இல்லைன்னு சொன்னது நீதானே."

"போன வருஷத்துப் பன்றி ஒழுங்கா வாழ்ந்திருக்கும்."

பன்றி முடிந்தால் விறகு. விறகு லாரியில் மேலே நல்ல ஓக் கட்டைகளை அடுக்கி, அடியில் சூடே தராத ஈரமான பாப்ளர் கட்டைகளை வைத்து ஏமாற்றுகிறவன் யார் என்று அவளுக்குத் தெரிந்தது. சாவு வீட்டுக்கு மலர்வளையம் அனுப்புவது, மகளிர் தினமான மார்ச் எட்டாம் தேதி பெண்களுக்கு விருந்து ஏற்பாடு செய்வது எல்லாம் அவள் தலையில் விழுந்தன. நலக்குழு, மாவட்டக் குழு என்று ஒவ்வொன்றாக அவளைப் போட்டார்கள். சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் வந்தபோது வேலைநிறுத்தக் குழுவிலும் போட்டார்கள். பாடவேளையை முப்பது நிமிடமாகக் குறைப்பதுதான் வேலைநிறுத்தம். பிள்ளைகள் மகிழ்ந்தார்கள்; அமைச்சகம் கவனித்ததாகத் தெரியவில்லை. மீதி நேரம் குழு பள்ளியிலேயே அமர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. அது திராட்சை பறிக்கும் பருவம். குழுவில் மற்றவர்கள் தோட்டத்துக்குப் போய்விட, கணப்பு எரியாத ஆசிரியர் அறையில் கோட்டோடு நெவென்கா மட்டும் குழுவாக உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு முறை பதவிக்காலம் முடியும்போதும் அவளையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். இப்போது அவள் கூட்டத்துக்கு வந்தாலும் தேர்ந்தெடுத்தார்கள்.

இதற்கிடையே பிஸ்த்ரா காலியாகிக்கொண்டிருந்தது. வியன்னாவுக்குப் போகும் பேருந்து வெள்ளிக்கிழமைதோறும் நிறைந்து போய்ப் பாதியாகத் திரும்பியது. நெவென்காவின் ஒரே மகனும் அதில்தான் போனான். வகுப்புகள் சுருங்கின. இரண்டு பிரிவுகள் ஒன்றாயின.

ஒரு வசந்த காலத்தில் தலைமையாசிரியர் திஹோமிர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள்.

"உக்காரு. காபி சொல்லட்டுமா?"

"நீ காபி சொன்னா கெட்ட சேதின்னு அர்த்தம். சேதியை மட்டும் சொல்லு."

"வர்ற வருஷம் எல்லா வகுப்பும் ஒவ்வொரு பிரிவுதான். புவியியலுக்கு ஒரு ஆளுக்குத்தான் வேலை இருக்கு."

புவியியலுக்கு இருந்தவர்கள் இரண்டு பேர். அவள் ஒருத்தி, ஒலிவெரா மற்றவள். ஆள் குறைக்கும்போது பணியாண்டு, உடல்நிலை, குடும்பம் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டுப் பார்ப்பார்கள். புள்ளி குறைந்தவர் போக வேண்டும்.

"புள்ளி போட்டா நான்தானே போகணும்," என்றாள். "ஒலிவெரா எனக்கு எவ்வளவோ முன்னாடி சேர்ந்தவ."

"உனக்குத்தான் புள்ளியே போட மாட்டோமே." திஹோமிர் சிகரெட் பெட்டியை மேசையில் சுழற்றினார். "நீ சங்கத் தலைவி. பதவியில இருக்கிறவரைக்கும் உன் பேரு அந்தக் கணக்குல வராது. சங்கத்தோட போட்ட ஒப்பந்தத்துலயே இருக்கு. அப்போ மிச்சம் இருக்கிறது ஒலிவெரா மட்டும்."

"எனக்கு இது தெரியாது திஹோமிர்."

"நம்பறேன். ஆனா வெளியில போய் யார்கிட்டயும் அப்படிச் சொல்லாத. யாரும் நம்ப மாட்டாங்க."

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அவள் ஆசிரியர் அறைக்குப் போவதற்குள் செய்தி அங்கே போய் உட்கார்ந்திருந்தது. ஒலிவெரா ஜன்னலோரம் திரும்பி நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாமதான் முட்டாள்," என்றார் ரதோவான், யாரையும் பார்க்காமல். "இத்தனை வருஷம் இவ எதுக்குப் பன்றி சுமக்கிறான்னு யோசிக்கவே இல்லை."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. சிரித்திருந்தால் கேலி என்று விட்டிருக்கலாம்.

முதலில் அவள் தெரிந்த வழிகளைத் தேடினாள். இருக்கிற வேலையை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி கொடுக்கலாமா என்று மாவட்டக் குழுவில் கேட்டாள். அங்கே அவளுக்குப் பழக்கமான செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாதி வேலைக்குச் சங்கமே சம்மதிச்சதுன்னா அப்புறம் எல்லாப் பள்ளியிலயும் பாதிதான் குடுப்பாங்க, தோழி. உனக்குத்தான் பாதுகாப்பு இருக்கே. பேசாம இரு." பேசாமல் இருப்பதற்கு அவர் அவளுக்கு நல்ல காபியும் கொடுத்தார்.

வீட்டில் ஸ்தானொயே அடுப்புக்குப் பக்கத்தில் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தான். அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "நீ யார் பையிலயும் கைய விடலியே," என்றான்.

"விடல. ஆனா அது அவ இடம்."

"அவளுக்கு ஒரு வயிறு. இங்க ரெண்டு."

"அவளுக்குத் தம்பி இருக்கான். போருக்குப் போயிட்டு வந்ததுல இருந்து அவன் வாசலைத் தாண்டல. அவ கையாலதான் சாப்பிடறான்."

"என் இருமல் உனக்குக் கேக்குதா நெவென்கா?"

"கேக்குது."

"அந்த மருந்தை யார் வாங்குவா? நல்ல பேரை அடுப்புல போட்டா எரியுமா?"

அவன் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. இரண்டில் ஒன்றுதான் கைக்கு வரும்: வேலை, அல்லது பிறத்தியார் இடத்தைப் பிடிக்காதவள் என்கிற பேர். அந்தப் பேரும் ஊராருக்காக அல்ல. காலையில் ஜன்னலோரம் நிற்கிற ஒலிவெராவைத் தாண்டித் தினமும் வகுப்புக்குப் போக வேண்டுமே, அதற்காக. உணவுக்கூடத்தில் இருந்தபோது வரிசையில் முந்துகிறவனுக்கு அவள் சூப் ஊற்றியதில்லை. அவன் கரண்டியைத் தட்டிக் கத்தினாலும் ஊற்றியதில்லை.

"நான் விலகப் போறேன்," என்றாள்.

ஸ்தானொயே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "நீ விலகினா கை தட்டுவாங்கன்னு நினைக்கிற."

அவள் அப்படி நினைக்கவில்லை என்று சொன்னாள். கொஞ்சம் நினைத்துத்தான் இருந்தாள்.

புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கு நாற்காலி போதவில்லை. பக்கத்து வகுப்பிலிருந்து பெஞ்சு தூக்கி வந்தார்கள். சங்கக் கூட்டம் எந்த அறையில் நடக்கிறது என்றே தெரியாதவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். நெவென்கா எழுந்து, பதவியிலிருந்து விலகுவதாகவும் தன் பெயரையும் புள்ளிக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னாள். முகங்களைப் பார்த்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேற யாரும் இல்லேன்னா, நான் தயார்," என்று ரதோவான் எழுந்தார். வகுப்புகள் சேர்ந்ததில் அவருடைய பாடவேளைகளும் கரைந்துகொண்டிருந்தன.

"யாரு இல்லைன்னு சொன்னது?" இசை ஆசிரியை கையைத் தூக்கினாள். பின்பெஞ்சிலிருந்து மூன்றாவதாக ஒரு கை எழுந்தது.

"நீ சங்கத்துலயே இல்லையே."

"நேத்து சேர்ந்துட்டேன்."

"உனக்குப் பன்றி எடை போடத் தெரியுமா?"

"பன்றியா முக்கியம் இப்போ?"

குரல்கள் உயர்ந்தன. பழைய சண்டைகள், பழைய விடுப்புகள், யாருடைய புருஷன் யாருக்கு மைத்துனன் என்பதெல்லாம் மேசைக்கு வந்தன. இத்தனை ஆண்டுகள் யாரும் சீந்தாமல் கிடந்த நாற்காலிக்கு என்ன விலை என்று தானே எல்லோருக்கும் காட்டிக்கொடுத்துவிட்டதை நெவென்கா புரிந்துகொண்டாள். ரதோவான் ஜெயித்தார். வெளியே வரும்போது அவள் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி சொன்னாள்:

"சும்மா விட்டுக்குடுக்க அவ என்ன புனிதவதியா? நிஷ்ல எங்கயாவது பேசி வெச்சிருப்பா."

புள்ளி போட்டார்கள். நெவென்காதான் குறைவு. சங்கத்துக்கு மறுப்பு இல்லை என்று புதிய தலைவர் ரதோவான் ஒரே வரியில் எழுதிக் கையெழுத்திட்டார். எழுதும்போது அவளிடம் பேனா கேட்டார். தன்னுடையதில் மை தீர்ந்துவிட்டதாம். அவள் கொடுத்தாள்.

கோடை முழுக்க அவள் வேலை தேடி அலைந்தாள். நிஷ் நகரத்துப் பள்ளிகளிலும் அவளைப் போல உபரி என்று ஒதுக்கப்பட்டவர்கள் வரிசையில் நின்றார்கள். கடைசியில் மலைமேல் இரண்டு ஊர்ப் பள்ளிகளில் வாரத்துக்கு ஒவ்வொரு நாள் வேலை கிடைத்தது. பேருந்துக் கட்டணம் போக மிஞ்சுவது மருந்துக்குக் காணாது. மீதிக்கு ஊர்க்கோடி பேக்கரியில் விடியற்காலை வேலைக்குச் சொல்லிவைத்தாள்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம், வரைபட அறையின் சாவியை ஒப்படைக்கப் போனாள். ஒலிவெரா உள்ளே தனியாகச் சுருட்டிய வரைபடங்களின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வசந்த காலத்திலிருந்து இருவரும் பேசியிருக்கவில்லை. ஒலிவெரா மெலிந்திருந்தாள், கண்ணுக்கடியில் கறுத்திருந்தது.

நெவென்கா சாவியை மேசையில் வைத்தாள். "ஆப்பிரிக்கா கிழிஞ்சிருக்கு. பின்பக்கம் துணி ஒட்டியிருக்கேன். மெதுவா விரி."

"சரி."

நெவென்கா கதவை நோக்கித் திரும்பினாள்.

"நேனா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. நிஷ்ல எந்தப் பள்ளி?"

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க." ஒலிவெரா துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "நான் உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. விட்டுக்குடுன்னு நான் சொல்லல. சொன்னேனா?"

"சொல்லல."

"அப்புறம் ஏன் இப்படிப் பண்ணின? கண்ணை மூடினா உன் புருஷன் இருமறது கேக்குது எனக்கு. உனக்கு வேற இடம் இருந்தா சரி. இல்லேன்னா நான் எப்படி அந்த வகுப்புக்குள்ள போய் நிப்பேன்? நீயே சொல்லு. என்னால முடியல. ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிடலாமான்னு இருக்கு."

எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த இடம் நெவென்காவுக்குத் திரும்பி வரும். அந்த எண்ணம் அவளுக்குள் வந்தது. வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தது. ஒலிவெரா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கு," என்றாள் நெவென்கா. "தனியார் பள்ளி. குளிர்காலத்துலயே பேசி முடிச்சுட்டேன்."

"குளிர்காலத்துலயேவா?"

"ஆமா."

ஒலிவெரா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மூச்சை வெளியே விட்டாள். முகத்தில் ரத்தம் திரும்புவது தெரிந்தது. அதன் பின்னாலேயே வேறொன்றும் வந்தது.

"ரதோவான் அப்பவே சொன்னார். நான்தான் நம்பல." அவள் எழுந்து சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இத்தனை மாசம் என்னைத் தூங்கவிடாம, கூட்டத்துல எழுந்து நின்னு பெரிய மனுஷி மாதிரி பேசிட்டு. வெக்கமா இல்ல உனக்கு?"

"சொல்லியிருக்கணும்," என்றாள் நெவென்கா.

ஒலிவெரா முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த வரைபடத்தை விரித்தாள்.

நெவென்கா வெளியே வந்து வேகமாக நடந்தாள். பிஸ்த்ராவில் இப்படி ஒரு செய்தி இருட்டும்வரை தாங்காது. அது தெருவுக்கு வருமுன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். யாராவது புது வேலைக்கு வாழ்த்துச் சொல்ல வந்தால் அப்படி ஒன்றும் இல்லையென்று சொல்லிவிடாதே என்று ஸ்தானொயேயிடம் சொல்லிவைக்க வேண்டும்.