வெல்க்ரோவில் ஒட்டிய பெயர்

“இந்த சீசனிலிருந்து அணி இளம் வீரர்களைச் சுற்றி மீளக் கட்டப்படுகிறது. மாற்றங்கள் விரைவாக நடக்கும். சகல ஊழியர்களும் ஒத்துழைக்கவும்.”

மே மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை காலை எங்கள் கிளப்ஹவுஸ் கதவில் ஒட்டப்பட்டிருந்த அறிவித்தல் இது. மேலே பிரெஞ்சு, கீழே ஆங்கிலம். திகதி இருந்தது, கையொப்பம் இல்லை. அறிவித்தல்களைப் பிரதி பண்ணி வைப்பது என் பழக்கம். வரலாற்றுப் புத்தகங்களை அதிகம் வாசிக்கிறவனைப் பிடிக்கிற வியாதி அது. கையொப்பமில்லாத கட்டளையில் கவனமாக இரு என்பதும் அந்தப் புத்தகங்கள் எனக்குச் சொன்னதுதான்.

எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இப்போது விளையாட்டரங்குகளிலும் கிளப்புகளிலும் வேலைக்குச் சேர்கிறார்கள். அவர்களுக்கு உதவக்கூடும் என்றுதான் இதை எழுதுகிறேன். எழுதும்போது இன்னும் கோபம் வருகிறது. அதை மறைக்கப் போவதில்லை.

என் வேலை

வீரர்கள் உடுப்பு மாற்றுகிற கட்டிடமான கிளப்ஹவுஸுக்கு நான் பொறுப்பாளராக இருந்தேன். மொன்றியலில் பெரிய லீக் பேஸ்போல் அணி இப்போது இல்லை. எங்களுடையது சின்ன லீக். ஆனாலும் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள், ஆகவே தொழில்முறை அணிதான். உடுப்புத் தோய்ப்பது, சப்பாத்தில் அப்பிய மண்ணைச் சுரண்டுவது, வெளியூர்ப் பயணத்துக்குப் பைகளைக் கட்டுவது, லொக்கர்களைக் கவனிப்பது எல்லாம் என் பொறுப்பு. உதவிக்குக் குணம் இருந்தான். பருத்தித்துறைக்காரன், லாசாலில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்தான். அவன் என்னை ‘அண்ணை’ என்று கூப்பிடப்போய் முழுக் கிளப்ஹவுஸும் அப்படியே கூப்பிடத் தொடங்கியது. பாதிப்பேர் அதுதான் என் பெயர் என்று நினைத்திருந்தார்கள்.

பேஸ்போல் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். பந்தை எறிகிறவர் பிட்ச்சர். அடிக்கிறவருக்குப் பின்னால் குந்தியிருந்து அதைப் பிடிக்கிறவர் கெச்சர். கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் மாதிரித்தான். ஆனால் எந்தப் பந்தை எறிவது என்று விரலைக் காட்டிச் சொல்வதும் இவர்தான். எங்கள் கெச்சர் மத்தியூ. லாசாலில் பிறந்து வளர்ந்தவன். வயது முப்பத்தைந்து. காலையில் படியேறும்போது இரண்டு முழங்காலும் நொறுங்குகிற சத்தம் தோய்க்கிற அறை வரை கேட்கும். பத்து சீசனுக்கு மேல் எங்களோடு இருந்தான்.

ஒவ்வொரு லொக்கருக்கும் மேலே ஸ்க்ரூ பூட்டிய ஒரு சின்ன மரப்பலகை, அதில் வீரரின் பெயர். ஒருவரை அணியிலிருந்து விடுவிப்பதென்றால் கோச் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் வெளியே வந்த பிறகுதான் நான் பலகையைக் கழற்றுவேன். சிலர் ஸ்க்ரூ டிரைவரை வாங்கித் தாங்களே கழற்றுவார்கள். அதற்கு முன் பலகையை ஒருவரும் தொடக்கூடாது. நானும் வாய் திறக்கக்கூடாது. செய்தி சொல்வது கிளப்ஹவுஸ்காரனின் வேலை இல்லை. இது எங்கும் எழுதப்பட்டதில்லை. ஆனால் அணியோடு நான் போன ஊரெல்லாம் இதுதான் வழக்கம்.

இழுத்தால் வரும் பெயர்

அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது உண்மை. தோற்கிற அணியை இளைஞரைக் கொண்டு கட்டுவது பிழை என்று நான் சொல்லவில்லை. முப்பத்தைந்து வயதுக் கெச்சருக்கு ஒரு முடிவு வரத்தான் செய்யும். அது மத்தியூவுக்கும் தெரியும். “அண்ணை, என்ர முழங்காலுக்கு உங்கட முழங்காலைத் தாங்கோ, இன்னும் ஒரு வருசம் ஓட்டுவன்” என்று பகிடி விடுவான். என் கோபம் அணியை மாற்றியதில் இல்லை. மாற்றிய விதத்தில்.

அறிவித்தல் ஒட்டிய கிழமையே அணியின் புது டிரைக்டர் ஒரு பெட்டியோடு வந்தார். என்னிலும் இருபது வயது இளமை, நல்ல படிப்பு, எப்போதும் அவசரம். அவர் பேசியது ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்து. அதையும் மத்தியூ போன்ற மற்றவர்கள் பேசியதையும் நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

“சிவா, இந்த மரப்பலகையெல்லாத்தையும் கழட்டும். இனி இதுதான்.”

பெட்டிக்குள் பிளாஸ்டிக் பட்டிகள். பின்பக்கம் வெல்க்ரோ. ஒட்டலாம், இழுத்தால் சர்ரென்று வந்துவிடும்.

குணம் ஒன்றை எடுத்து ஒட்டிப் பார்த்தான், இழுத்துப் பார்த்தான். “என்ன அண்ணை இது, சின்னப்பிள்ளையின்ர சப்பாத்து மாதிரிக் கிடக்கு.”

“மாத்த லேசாம்.”

“அப்ப கனக்க மாத்தப் போறாங்கள் எண்டு சொல்லுங்கோவன்.”

பலகைகளைக் கழற்றி எல்லாப் பட்டிகளையும் நானே ஒட்டினேன். குணம் சொன்னதுதான் நடந்தது. ஜூன் முடிவதற்குள் பழைய வீரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள், பொடியன்கள் வந்தார்கள். நல்ல பொடியன்கள். அவர்களில் ட்ரெவர் என்ற பத்தொன்பது வயதுப் பிட்ச்சரும் ஒருவன். சஸ்காச்சுவானில் கோதுமை வயலுக்கு நடுவே வளர்ந்தவன். கர்க்லாண்டில் ஒரு குடும்பத்தோடு தங்க வைத்திருந்தார்கள். மெட்ரோவில் ஏறத் தெரியாது, பிரெஞ்சு ஒரு சொல் தெரியாது. முதல் ஆட்டத்தில் அவன் எறிந்த பந்து ஒன்றும் நேரே போகாததை எல்லோரும் பார்த்தோம். மத்தியூ மெதுவாக நடந்து அவனிடம் போய் ஏதோ சொன்னான். அடுத்த பந்து நேரே போனது. அதன் பிறகு மத்தியூ எங்கே குந்துகிறானோ அங்கேதான் அவன் பந்து போய் விழும்.

ஒரு செக்கன் வேலை

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். டிரைக்டர் தோய்க்கிற அறைக்கே வந்தார். அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. கையில் ஒரு புதுப் பட்டி.

“சிவா, மூண்டு மணிக்குப் படம் எடுக்க ஆள் வருது. இளம் அணியின்ர லொக்கர் வரிசை முழுதும் ஒரே படத்தில வேணும். புதுக் கெச்சர் எயார்போட்டில இருந்து வந்துகொண்டிருக்கிறான். மத்தியூவின்ர பெயரை எடுத்துப்போட்டு இதை ஒட்டும்.”

“மத்தியூவுக்குச் சொல்லியாச்சோ?”

“சொல்லுவம்.”

“எப்ப?”

“அவர் இப்ப புல்பென்னில ட்ரெவருக்குப் பந்து பிடிக்கிறார். பொடியன் நாளைக்கு எறிய வேணும். இப்ப சொன்னா ஆர் பிடிக்கிறது?”

இதைத் திரும்ப வாசியுங்கள். அவனுடைய கை இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு வேண்டும். பெயர் வேண்டாம்.

“அப்ப அவன் பிடிச்சு முடிக்கட்டும். கோச் சொல்லட்டும். பிறகு எடுக்கிறன்.”

“படம் மூண்டு மணிக்கு.”

“நாலு மணிக்கு எடுங்கோ.”

“சிவா, இது வெல்க்ரோ. ஒரு செக்கன் வேலை.”

“ஒரு செக்கன் வேலை எண்டா நீங்களே செய்யுங்கோ. என்ர கை அதுக்கு வராது.”

அவருடைய முகம் சிவந்தது. பட்டியைத் தோய்க்கிற மெஷினுக்கு மேல் வைத்துவிட்டுப் போனார். குணம் துவாய் மடிப்பதை நிறுத்தியிருந்தான்.

“அண்ணை, வேலையை விடப் போறியளோ?”

“நீ துவாயை மடி.”

நேரே கோச்சிடம் போனேன். நல்ல மனிதர், சண்டை பிடிக்கத் தெரியாதவர். “அது டிரைக்டர் எடுத்த முடிவு. அவர்தான் சொல்ல வேணும்” என்றார். நடைபாதையில் டிரைக்டரைப் பிடித்துக் கேட்டேன். “வழக்கமாக் கோச்தானே சொல்லுறவர்?” என்றார். வழக்கம் என்ற சொல் அந்த வாயிலிருந்து வந்ததை நான் மறக்கவில்லை. ஒருவனை அனுப்புவதற்கு இரண்டு பெரிய மனிதர்கள் இருந்தார்கள். சொல்வதற்கு ஒருவரும் இல்லை.

புல்பென்

செய்தி சொல்வது என் வேலை இல்லை என்று மேலே எழுதினேன். ஆனால் அவன் உள்ளே வந்து அந்நியரின் பெயரைத் தன் லொக்கரில் பார்க்கக்கூடாது. அது மட்டும்தான் அப்போது மனதில் இருந்தது. ஆகவே புல்பென்னுக்கு நடந்தேன். மைதானத்தின் கோடியில் பிட்ச்சர்கள் எறிந்து பழகுகிற வேலியடைத்த இடம் அது.

மத்தியூ என்னைக் கண்டதும் முகமூடியை உயர்த்தினான். “என்ன அண்ணை, ஊத்தை உடுப்புத் தேடி இவ்வளவு தூரம் வந்தனீங்களோ?”

“கோச் அறையில இருக்கிறார். நீ ஒருக்காப் போய்க் கதை.”

அவ்வளவுதான் சொன்னேன். கிளப்ஹவுஸ்காரன் பயிற்சி நேரத்தில் புல்பென்னுக்கு வருவதில்லை. அவனுக்கு அது போதும்.  முகமூடியை மறுபடி இறக்கினான்.

ட்ரெவர் அங்கிருந்து கத்தினான்: “என்ன, முடிஞ்சுதோ?”

“இல்லை. வளையிற பந்து இன்னும் கொஞ்சம் எறி. தோள் முந்தித் திரும்புது, கவனி.”

பொடியன் எறிந்தான். இவன் குந்தியிருந்து பிடித்தான். ஒவ்வொன்றுக்கும் “ம், அது” என்றான். கடைசிப் பந்து சரியாக வந்ததும் எழும்பிப் போய் ட்ரெவரின் தொப்பியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே நடந்தான். நான் பின்னால் போனேன். நாங்கள் பிந்திவிட்டோம்.

லொக்கர் அறையில் படப்பிடிப்பாளர் வந்து, விளக்குகளும் வெள்ளைக் குடையும் வைத்திருந்தார். மத்தியூவின் லொக்கருக்கு மேலே புதுப்பெயர். டிரைக்டர் நடைபாதையில் எங்களுக்கு முதுகைக் காட்டி ஃபோனில் கதைத்துக்கொண்டிருந்தார்.

“போன்ஜூர்!” என்றார் படப்பிடிப்பாளர், ஒன்றும் அறியாத சிரிப்போடு.

“போன்ஜூர்” என்றான் மத்தியூ. பிறகு என்னிடம் திரும்பினான். “அண்ணை, நீங்களோ?”

“இல்லை.”

“சரி.”

அவன் என்னை நம்பினான். ஆனால் அந்தக் கேள்வியை அவன் என்னிடம் கேட்க வேண்டி வந்ததே, அதற்குத்தான் நான் இன்றைக்கும் ஆத்திரப்படுகிறேன். பத்து சீசனாக அவனுடைய உடுப்பைத் தோய்த்தவனிடம்.

கோச்சின் கதவு சாத்தப்பட்டது. கனநேரம் இல்லை. வெளியே வரும்போது அவன் கோச்சுக்குச் சொன்னது மட்டும் கேட்டது: “ட்ரெவரின்ர தோளைப் பாருங்கோ. வளையிற பந்துக்கு முந்தித் திரும்புது.”

அதே நேரத்தில் புதுக் கெச்சர் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தான். இருபது வயது இருக்கும். லொக்கரில் தன் பெயரையும் அதற்குள் மத்தியூவின் சாமான்களையும் பார்த்தான். பெட்டியைத் தூர நிறுத்திவிட்டுச் சுவரோரமாக நிலத்தில் இருந்துவிட்டான். படப்பிடிப்பாளர் கூப்பிட்டார். டிரைக்டரும் வந்து கூப்பிட்டார். “அவர் முடிக்கட்டும்” என்றான். அந்தக் கட்டிடத்தில் அன்றைக்கு மரியாதை தெரிந்த ஆளாக எனக்குத் தெரிந்தது, வந்து ஐந்து நிமிடமும் ஆகாத அந்தப் பொடியன்தான்.

மத்தியூ பையைக் கட்டி முடித்துவிட்டு அவனுக்குக் கை கொடுத்தான். “ட்ரெவர் பயந்தாச் சிரிப்பான். சந்தோசம் எண்டு நினைச்சிடாத. சிரிச்சா உடனை போய் அவனோட கதை.”

பிறகு தன்னுடைய பெயர்ப்பட்டியைக் கேட்டான். தேடினோம். குணம் குப்பைக் கூடைகளைக் கவிழ்த்தே பார்த்தான். கிடைக்கவில்லை. மத்தியூ பையைத் தோளில் போட்டுக்கொண்டு லாசாலுக்கு பஸ் எடுத்தான்.

பிறகு

படம் நாலரை மணிக்குத்தான் எடுக்கப்பட்டது. நாலு மணிக்கு எடுங்கள் என்று நான் கேட்டபோது முடியாது என்றார்கள்.

அடுத்த கிழமை நான் வெல்க்ரோவை எல்லாம் உரித்துவிட்டுப் பழைய மரப்பலகைகளை மறுபடி பூட்டினேன். டிரைக்டர் பார்த்துவிட்டுப் போனார். என்னை வேலையிலிருந்தும் நிற்பாட்டவில்லை. அடுத்த சீசனில் அணி நன்றாகவே ஆடியது. அதை மறைத்தால் நான் குறிப்பெழுதத் தகுதியற்றவன். இளைஞரைக் கொண்டு கட்டிய அணி வெல்லலாம். அதற்காக அந்த வியாழக்கிழமை சரியாகிவிடாது.

ட்ரெவரின் முறையும் வந்தது. நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு. கோச் அவனைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வெளியே வந்தவன் சிரித்துக்கொண்டிருந்தான். நான் உடனே எழும்பி அவனிடம் போனேன்.

“அண்ணை, ஸ்க்ரூ டிரைவர் இருக்கோ?”

கொடுத்தேன். தானே கழற்றி, பலகையைத் தன் பைக்குள் வைத்தான்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பெயரை ஸ்க்ரூ போட்டுப் பூட்டுங்கள். கழற்ற வருகிறவன் ஒரு கருவியை எடுத்து, நின்று, நாலு பேர் பார்க்கக் கழற்றட்டும்.

மத்தியூவின் பெயரை இழுத்தது யார் என்று பிறகு விசாரித்தேன். “நான் தொடேல்லை” என்றார் டிரைக்டர். தன் அறையை விட்டு அசையவில்லை என்றார் கோச். “நான் வரேக்கையே புதுப்பெயர்தான் இருந்தது” என்றார் படப்பிடிப்பாளர். ஆனால் அவர் விளக்குப் பூட்டும்போது துவாய் கொண்டுபோன குணம், அப்போது அதில் மத்தியூவின் பெயரே இருந்ததாகச் சொல்கிறான். மெஷினுக்கு மேல் கிடந்த புதுப்பட்டி எப்போது போனது என்று அவன் கவனிக்கவில்லை. அதன் பிறகு சர்ரென்ற சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கிறது. வீரர்களின் கையுறைகளிலும் வெல்க்ரோதான். நாள் முழுக்கக் கேட்கிற சத்தம், ஆகவே அவன் எட்டிப் பார்க்கவில்லை.

மத்தியூவின் பெயரை வெல்க்ரோவில் ஒட்டிய கை என்னுடையது. கழற்றிய கை யாருடையது என்பதை இதை எழுதும் வரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.