ஜெயபுரம் யானைவேலிப் பெட்டி

நேற்று மாங்குளத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது, போன் திருத்தும் கடையொன்றிலிருந்து ஈயம் உருகும் மணம் வந்தது. உங்களுக்கு அது வெறும் புகை. எனக்கு றிஸ்வானாவின் ஞாபகம். கூடவே பழைய பொறாமையும் வந்து நின்றது, அழையா விருந்தாளி.

கிளிநொச்சியில் நாங்கள் இருவரும் ஒரே எலெக்ட்ரோனிக்ஸ் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவ முல்லைத்தீவு. அவவின் மத்தியானச் சாப்பாட்டு மீன்குழம்பு மணத்துக்கே நான் பொறாமைப்பட்டிருக்கிறேன் என்றால் பாருங்கோ.

ஜெயபுரத்து வயல்களைச் சுற்றி மின்கம்பி ஓடும் யானைவேலி அறுந்தால் அதைக் குறித்துவைத்து, விவசாயிகளுக்குப் போன் அடிக்கும் பெட்டி வேண்டும். ஆளுக்கொன்று செய்யுங்கோ, நல்லது வேலியில் நிற்கும் என்றார் முதலாளி. நான் மைக்ரோகொன்ட்ரோலருக்குப் பக்கத்தில் பெரியதொரு மெமரி சிப்பைத் தனியாக வைத்தேன். இரண்டுக்கும் நடுவே வரிவரியாகச் செப்புக்கோடுகள். என்ன வடிவு! றிஸ்வானா மெமரியும் உள்ளேயே அடங்கிய ஒற்றைச் சிப்போடு நிறுத்திவிட்டா. இதுக்குள் எவ்வளவு கொள்ளும் என்று நக்கலடித்தேன்.

"வேலி அறுந்த நேரம் மட்டும் கொண்டாக் காணும். யானை தன்ர கதையெல்லாம் சொல்லப்போகுதே?" என்றா.

மேசையில் என்னுடையது அருமையாக ஓடியது. வேலியில்லாத மேசை அது. ஜெயபுரத்தில் பெட்டிகளை வேலிக்கம்பத்திலேயே கட்டினார்கள். மின்வேலி நொடிக்கொருதரம் அதிர்ச்சி விடும். என் வடிவான கோடுகள் அத்தனையையும் ஏரியல் போல வாங்கி, வேலி அறுந்ததென்று மெமரியில் கண்டபடி எழுதின. விவசாயிகளின் போன் ஓயாமல் அடித்தது. பாவம், சனம் யானைவெடியோடு ஓடி ஓடிக் களைத்தது.

"தம்பி, காட்டில ஒரு யானையும் இல்லைப் போல. எல்லாம் எங்கட வயலுக்கதான் நிக்குதெண்டு உங்கட பெட்டி சொல்லுது," என்றார் விவசாயிகள் சங்கத் தலைவர்.

வெளியே கோடுகள் ஓடாத றிஸ்வானாவின் பெட்டி பேசாமல் கிடந்தது. உண்மையாக யானை வந்த அன்று மட்டும் அடித்தது, நெல் தப்பியது. அவவுக்கு ஒரு முட்டி எருமைத்தயிர், எனக்கு வெறுந்தேத்தண்ணி. திரும்பும் வழியில் பாதித் தயிரை நீட்டினா. மூக்கடைப்பு, தடிமன் என்று சொல்லிவிட்டேன்.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது புடவைக்கடை. வேலியில் அந்தப் பெட்டியும் இல்லை. நேற்று பஸ்ஸிலிருந்தே வவுனியாவிலிருக்கும் றிஸ்வானாவுக்குப் போன் எடுத்து, ஜெயபுரம் பெட்டி ஞாபகமிருக்கோ என்று கேட்டேன்.

"ஓம், யானைவேலிப் பெட்டி. அது நீங்கள் செய்ததெல்லே?"

இல்லை, நீங்கள்தான் என்று நானே சொல்லவேண்டியிருந்தது. அப்படியோ என்று சிரித்துவிட்டு, பிள்ளையை ரியூஷனில் விடவேண்டும் என்று போனை வைத்துவிட்டா.