ஆசென் வீட்டுக்குக் கொண்டுவராத மீன்

ஆசெனைப் போல டிரவுட் மீன் பிடிக்கிற ஆள் அந்த மலைப்பக்கத்தில் கிடையாது என்று ஊரே சொல்லும். அவர் மனைவி நெவேனாவும் அதை மறுத்ததில்லை. அவள் அடுப்பு மட்டும் அந்த மீனைப் பார்த்ததில்லை.

மரம் அறுக்கிற மில்லில் வேலையில் இருந்தபோதே ஆசென் தூண்டில் சங்கத் தலைவராகிவிட்டார். ஆனதும் போட்ட முதல் விதி, பாலத்துக்கு மேலே பிடிக்கிற மீனையெல்லாம் திரும்ப ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது. பாலத்துக்குக் கீழே பிடித்தால் வைத்துக்கொள்ளலாம். ஆசென் கீழே போவதே இல்லை. வீட்டுச் சேவலின் கழுத்திறகைப் பிடுங்கி முள்ளில் பூச்சி மாதிரி கட்டுவார், விடிந்ததும் போவார், நனைந்த கால்சட்டையும் வெறுங்கையுமாகத் திரும்புவார். மீன் எவ்வளவு பெரிசு என்று காட்ட மட்டும் அந்தக் கை விரியும்.

இப்படிப்பட்டவர்தான் மகள் நிச்சயதார்த்தத்தில், ராக்கியாச் சாராயம் உள்ளே போன தெம்பில், "செப்டம்பர் கடைசியில வாங்க சம்பந்தி, என் கையால புடிச்ச ஆத்து மீன் போடறேன்" என்று சொல்லிவைத்தார். சம்பந்தி க்ராஸிமிர் மறக்கிற ஆள் இல்லை. பெண் வீட்டாருக்கு வாய்தான் பெரிசு என்று சம்பந்தியம்மா யாரிடமோ சொன்னது ஏற்கெனவே நெவேனா காதுக்கு வந்திருந்தது. அந்தம்மா வாய்க்குள்தானே மகள் வாழப்போக வேண்டும்.

ஞாயிறு விருந்து. சனிக்கிழமை, குடமிளகாய் சுடுகிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு நெவேனாவும் கிளம்பினாள்.

"நீ எதுக்கு?"

"வாளி தூக்க ஆள் வேணாமா?"

பாலத்துக்குக் கீழே நின்றார்கள். மஞ்சள் இலைகள் கூட்டம் கூட்டமாக மிதந்து வந்து முள்ளில் மாட்டின.

"நாளைக்கு இலைக் குழம்புதான்" என்றாள்.

மத்தியானத்துக்குமேல், பாறை நிழலில் பூச்சி விழுந்த இடத்தில் தண்ணீர் மெல்லச் சுழித்தது. கோல் வளைந்தது. முழங்கை நீள மீன்!

ஆசென் கையை நனைத்துக்கொண்டார். காய்ந்த கை பட்டால் மீனுக்கு ஆகாது. முள்ளை எடுத்தார். மூச்சு வாங்கிக்கொள்ளட்டும் என்று மீனை நீரோட்டத்துக்கு எதிரே பிடித்தார். நெவேனா வாளியை நீட்டினாள். அவர் கை திறந்தது.

இரண்டு பேரும் வாளிக்குள் பார்த்தார்கள்.

"பழக்கத்துல கை விட்டுடுச்சு" என்றார்.

"சட்டையக் கண்ட எடத்துல போடாதீங்கன்னு கல்யாணமான நாளா சொல்றேன். அந்தப் பழக்கம் வரல. இது மட்டும் வந்துடுச்சாக்கும்!"

பொழுது சாயும்வரை நின்றார். இலைதான் வந்தது. திரும்பும் வழியில் நெவேனா மீன்பண்ணை வாசலில் காரை நிறுத்தி இறங்கினாள். சங்கத் தலைவர் காருக்குள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை க்ராஸிமிர் முள்ளை உறிஞ்சிக்கொண்டே, "இதாங்க ஆத்து மீன்! பண்ணை மீனுக்கு இந்த ருசி வருமா? எங்க புடிச்சீங்க?" என்றார்.

ஆசென் பாறை நிழலைச் சொன்னார், சுழிப்பைச் சொன்னார், கோல் வளைந்ததைச் சொன்னார். ஒரு சொல் பொய்யில்லை.

சம்பந்தியம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாம் அளவெடுத்த மாதிரி ஒண்ணுபோல இருக்கே?"

ஆசெனின் கழுத்து சிவந்தது. நெவேனா ரொட்டிக் கூடையை நகர்த்தினாள்.

"சின்னதுன்னா விட்டுடுவாரு. பெரிசுன்னாலும் விட்டுடுவாரு சம்பந்தியம்மா. நமக்கு மிஞ்சறது இந்த அளவுதான்."

சொல்லிவிட்டு, அதுவரை மீனையே தொடாமலிருந்த கணவரின் தட்டில் ஒன்றை வைத்தாள். "சாப்பிடுங்க. இதையும் விட்டுடாதீங்க."