மின்னலார் ரீல் வாங்கிய வரலாறு

“மெதுவான எதையும் இந்தக் கை தொட்டதில்ல, தொடவும் தொடாது” என்று மின்னலார் கத்தரிக்கோலை உயர்த்திப் பிரகடனம் செய்தபோது அவருடைய சலூனில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். இன்னொருவருக்குக் காதெல்லாம் சோப்பு நுரை. மூன்றாமவர் ரகசியம் காப்பவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்க ஒலிபரப்பிவிட்டார்.

ஏழே நிமிடத்தில் ஒரு தலையை முடித்து அனுப்புவதால் ஊர் கொடுத்த பட்டம் மின்னல். மரியாதை மட்டும் அவரே சேர்த்துக்கொண்டது.

ஞாயிறு காலையானால் மின்னலார் ஏரிக்கரையில் இருப்பார். சின்ன மீனெல்லாம் அவருக்குத் தூசு. முழங்கை நீளத்தில் ரப்பரால் செய்த பொய்மீனைத் தூண்டிலில் மாட்டி வீசுவார். பெரிய மீன் அதை இரையென்று நம்ப வேண்டும் என்பது ஏற்பாடு. பெரிய மீன் நம்பவில்லை. ஆனால் அந்தப் பொய்மீனைத் தண்ணீருக்குள் இழுத்து இழுத்து, தூண்டில் நரம்பைச் சுற்றும் பழைய ரீலோடு சேர்ந்து வலது தோளும் மக்கர் செய்தது. திங்கட்கிழமை சீப்பைத் தூக்கவே ஒரு முனகல் தேவைப்பட்டது.

பஸ் ஓட்டும் மனைவி தீர்ப்பு வழங்கினார். “புதுசா கனமான ரீல் ஒண்ணு வாங்குங்க. அதுலயும் தோள் பிடிச்சுதுன்னா தூண்டில் பரணுக்குப் போயிடும். சோறு போடற கைங்க அது.”

சனிக்கிழமை இருவரும் தூண்டில் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் இரண்டு ரீல்களை எடுத்து வைத்தார். ஒன்று, கைப்பிடியை ஒரு தடவை சுற்றினால் உள்ளே எட்டுச் சுற்று ஓடும். மற்றது ஐந்துதான், ஆனால் கைப்பிடி நீளம், இரு முனையிலும் கொழுத்த குமிழ்.

“பெரிய பொய்மீனுக்கு இந்த அஞ்சுதான் சரி அண்ணே. மெதுவா சுத்தும், ஆனா நல்லா இழுக்கும்.”

“மெதுவாவா?” என்றார் மின்னலார், காதில் விழக்கூடாத சொல் விழுந்தவரைப் போல.

கடைக்காரர் கூரைக் கொக்கி வழியாக நரம்பை விட்டு, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டார். மின்னலார் எட்டை எடுத்துச் சுழற்றினார். பாட்டில் முழங்கால் உயரம் வரை பாய்ந்தது. பிறகு நின்று யோசித்தது. மின்னலார் அண்ணாந்தார்.

“தோள் வலிக்குதா?” என்றார் மனைவி.

“இல்ல. மேல ஒட்டடை இருக்கு, அதப் பாக்குறேன்.”

மனைவி ஐந்தைக் கையில் எடுத்தார். கடைக்காரரின் மகள் பரீட்சை எப்படி எழுதினாள் என்று விசாரித்தபடியே சுற்றினார். பாட்டில் கொக்கியில் போய் முட்டியது.

“மேட்டுல ஏத்தறப்ப நான் டாப் கியரா போடுவேன்? வண்டி திணறி நின்னுடும்.”

“நான் என்ன பஸ்ஸா?”

“பஸ்ஸா இருந்தா எப்பவோ சர்வீஸுக்கு விட்டிருப்பேனே.”

மின்னலார் எட்டையே வாங்கினார். மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

மறுநாள் ஏரிக்குப் போகவில்லை. மழை வரும் என்றார். வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. செவ்வாயன்று பிளேடு வாங்கப் போகிறேன் என்று ஒரு பையோடு கிளம்பி, ஒன்றரை மணி நேரம் கழித்து அதே பையோடு, பிளேடு இல்லாமல் வந்தார்.

அடுத்த ஞாயிறு மனைவிக்கு விடுமுறை, கூடவே வந்தார். மின்னலார் ரீலின் மேல் சலூன் துண்டைப் போர்த்திக்கொண்டு வீசினார். வெயில் படக்கூடாதாம். பதினோராவது வீச்சில் நரம்பு விறைத்தது. தண்ணீருக்கடியில் ஏதோ ஒன்று பொய்மீனை நம்பிவிட்டது.

மின்னலார் சுற்றினார். ஒரு சுற்று, ஒரு மூச்சு, இன்னொரு சுற்று. தோள் வாயே திறக்கவில்லை. மனைவி வலையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி, கை நீளத்துக்கு ஒரு மீனை அள்ளித் தூக்கினார். இருவரும் குழந்தைகளைப் போலச் சிரித்தார்கள். அந்தக் களேபரத்தில் துண்டு நழுவியது. கடையில் பார்த்த அதே நீளக் கைப்பிடி, அதே இரண்டு கொழுத்த குமிழ்கள்.

மனைவி பார்த்தார். துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்டார்.

“இன்னொண்ணு வீசுங்க. அவசரமில்ல.”

எதிர்க்கரையில், ரகசியம் காக்கும் அந்த மூன்றாமவர் எழுந்து நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்னலார் வீசிவிட்டு, தூண்டிலை இடுப்பில் ஊன்றிக்கொண்டு இடது கையை அவருக்கு ஆட்டினார். வலது கை தன் பாட்டுக்கு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.