அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கேமரா

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொண்டது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு. கைலாசபுரம் தொழிற்சாலை அலுவலகத்தில் இருந்த காலமெல்லாம் ஸ்ரீரங்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில்தான் போய்வந்தாள். கடைசி நாள் போட்ட மாலையோடு வீட்டுக்கு வந்தவள், அதைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, "இனிமே நானே ஓட்டப்போறேன்டி" என்றாள். எதை என்று எனக்குப் புரியவில்லை. அடுத்த வாரமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அக்காவுக்குக் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய் ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சே நின்றுவிட்டது. எனக்குக் கல்யாணமாகி, அது சரிவராமல், அவளிடமே திரும்பி வந்தேன். ஏன் வந்தாய் என்று அவள் கேட்டதில்லை. அலமாரியில் ஒரு பக்கத்தைக் காலி செய்து கொடுத்தாள், அவ்வளவுதான். நான் தில்லை நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறேன். கார் வந்த நாளிலிருந்து காலையில் என்னைக் கொண்டுபோய் விடுவதையும் சாயங்காலம் வந்து அழைத்துப்போவதையும் அக்கா தன் உத்தியோகமாகவே எடுத்துக்கொண்டாள். "நான் பஸ்லயே போய்க்கிறேன்க்கா" என்றால், "அப்புறம் நான் எதுக்குக் கார் வாங்கினேன்?" என்பாள்.

அந்தக் காரில் ஓட்டுபவரைக் கண்காணிக்க ஒரு கேமரா இருந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், வேகம் காட்டும் திரைக்கு மேலே, கறுப்பாக ஒரு சின்னக் கண். கண் சொருகினாலோ, தலை சாய்ந்தாலோ, சாலையை விட்டு வேறு பக்கம் பார்த்தாலோ சத்தம் போடும் என்று ஷோரூமில் விளக்கினார்கள். அக்காவுக்கு அது பிடித்திருந்தது. என்னிடம் பேச முகத்தைத் திருப்பினால் உடனே அது கூவும். அதனால் சாலையைப் பார்த்தபடியே பேசப் பழகிக்கொண்டாள். "பாருடி, மாமியார் இல்லாத குறையைத் தீர்த்து வைக்குது" என்று சிரிப்பாள்.

ஒரு வருடத்துக்கு மேல் எந்தத் தொந்தரவும் இல்லை. பிறகு ஒரு சாயங்காலம், காவிரிப் பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்து ஊர்ந்துகொண்டிருந்தபோது, திரையில் ஒரு காபிக் கோப்பையின் படம் வந்தது. கூடவே ஒரு பெண் குரல், களைப்பாக இருக்கிறீர்கள், ஓய்வெடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னது. வெளியே இன்னும் வெயில் இருந்தது. அக்கா மத்தியானம் நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருந்தாள்.

"காபி குடிக்கச் சொல்லுது. வா, குடிப்போம்" என்றாள்.

பாலம் இறங்கியதும் மாம்பழச் சாலையில் ஓரங்கட்டி, அங்கிருந்த கடையில் ஆளுக்கொரு காபி குடித்தோம். மறுநாளும் அதே பாலத்தில் அதே கோப்பை. அதற்கு அடுத்த வாரம் தினமும். காபி குடிப்பதும் எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. அந்த நாட்களை இப்போது நினைத்தால், அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் வேறெப்போதும் இருந்ததில்லை என்று தோன்றுகிறது. கடைக்காரர் எங்கள் காரைப் பார்த்ததுமே டம்ளரை எடுத்து வைத்துவிடுவார். அக்கா தினமும் அவரிடம், "கார் சொல்லிச்சு, வந்துட்டோம்" என்பாள்.

ஆனால் எச்சரிக்கை பாலத்தோடு நிற்கவில்லை. மாலை நேரங்களில் வண்டியை எடுத்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கத்த ஆரம்பித்தது. அக்காவுக்குக் கோபம் வந்தது. "நான் தூங்கலை! முழிச்சுக்கிட்டுதான் இருக்கேன்!" என்று அதனிடமே சண்டை போட்டாள். ஒரு சனிக்கிழமை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த பையன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடினான், கூவியது. திறந்தான், நின்றது. ஒரு சுற்று ஓட்டிவிட்டும் வந்தான். சத்தமே இல்லை.

"கேமரா நல்லாத்தான் இருக்குங்க மேடம். நீங்க கண்ணாடி போடுவீங்களா?"

"இல்லைப்பா."

"அப்ப எதுக்கும் கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துட்டு ஓட்டுங்க மேடம்."

வயதாகிவிட்டது என்று அவன் நாசூக்காகச் சொன்னதாக அக்கா எடுத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். திரும்பும்போதும் காலை நேரம்தான் என்பதால் கார் அமைதியாகவே வந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள். பள்ளியில் சிறப்பு வகுப்பு முடித்து வந்து நான் காரில் ஏறியதும் அது கத்தத் தொடங்கியது. தில்லை நகரைத் தாண்டுவதற்குள் மூன்று நான்கு முறை ஆகிவிட்டது. அக்கா ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்தாள்.

"இறங்கி இந்தப் பக்கம் வா."

நான் இறங்கிச் சுற்றிக்கொண்டு அவள் ஜன்னலுக்குப் போனேன். அவள் கண்ணாடியை இறக்கி முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"என் முகத்தை நேராப் பாரு. கண்ணு எப்படி இருக்கு?"

வலது கண்ணின் இமை பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. கருவிழியின் அடிப்பாகம் மட்டும்தான் தெரிந்தது. இடது கண் எப்போதும் போல இருந்தது. காரில் நான் உட்காருவது இடது பக்கம். தினமும் எனக்குத் தெரிந்தது அந்த இடது கண்தான்; வீடு வந்ததும் அவள் போய்ப் படுத்துவிடுவாள்.

"வலது கண்ணை ஏன்க்கா மூடியிருக்கே?"

"நான் மூடலைடி. திறந்துதான் வச்சிருக்கேன்."

சொல்லும்போது அவள் குரலும் கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி இருந்தது. சளி பிடித்திருக்கிறது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த இடத்திலேயே காரைப் பூட்டிவிட்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம்.

தில்லை நகரில் நரம்பு டாக்டர் அம்மா ஒருவரைப் பார்த்தோம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். அக்கா கொஞ்சம் வெட்கத்தோடு, "கார் சொல்லிச்சுங்க" என்றாள். டாக்டர் சிரிக்கவில்லை. தலையை அசைக்காமல் கூரையையே பார்க்கச் சொன்னார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு இமைகளும், கடை ஷட்டரை மெல்ல இறக்குவது போல, கீழே வந்தன. வலது முதலில், இடது பின்னால்.

"காலையில சரியா இருக்கும். நேரம் ஆக ஆக இறங்கும். இல்லைங்களா?"

"ஆமாங்க."

"சாப்பிடும்போது மெல்றதுக்குக் கஷ்டமா இருக்கா? தலை வார்றப்ப கை வலிக்குதா?"

அக்கா என்னைப் பார்க்காமல், "இருக்குங்க" என்றாள். அவள் முறுக்கு தின்பதை விட்டிருந்ததும், பின்னலைக் கொண்டையாக்கியிருந்ததும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. வயதானால் இப்படித்தான் இருக்கும் என்று அவளே முடிவுகட்டி, என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

அது தூக்கமில்லை, தசைகள் களைத்துப்போகும் ஒரு நோய் என்று டாக்டர் விளக்கினார். மூளை அனுப்பும் செய்தி தசைக்குச் சரியாகப் போய்ச் சேராது. உபயோகிக்க உபயோகிக்க அந்தத் தசை சோர்ந்துவிடும். சிலருக்கு இமையோடு நின்றுவிடும், சிலருக்கு மூச்சு விடும் தசைகள் வரைக்கும் போகும். ஸ்கேன் எடுத்ததில் அக்காவின் நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு கட்டியும் தெரிந்தது; இந்த நோயோடு சிலருக்கு அதுவும் வரும் என்றார்.

ஆபரேஷன் நடந்தது. நெஞ்சில் நீளமாகத் தையலோடு வீட்டுக்கு வந்தாள். மாத்திரை போட்டால் சில மணி நேரத்துக்கு இமை நிற்கும், பிறகு இறங்கும். இனி கார் ஓட்டவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்கா அதற்கு மட்டும் அழுதாள். கட்டி என்றபோது அழவில்லை, நெஞ்சைத் திறப்பார்கள் என்றபோதும் அழவில்லை.

வெளியே போகவேண்டியிருந்தால் திருவானைக்காவலிலிருந்து ஒரு ஆக்டிங் டிரைவர் வருவார். நான் பின்னால், அக்கா அவருக்குப் பக்கத்தில். அவர் ஓட்டும்போது கேமரா ஒரு வார்த்தை பேசாது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு வருவாள்.

ஆனால் பல காலைகளில் அவள் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போவாள். வண்டியைக் கிளப்பமாட்டாள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, எதிரில் இருந்த மதில் சுவரைப் பார்ப்பாள். எனக்குப் பயமாக இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இங்க வந்து என்னக்கா பண்றே?"

"சும்மாதான்." ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த கேமராவைக் காட்டிச் சொன்னாள்: "இந்த அறுபது வருஷத்துல என் முகத்தை யாராவது இப்படிக் கண்ணெடுக்காம பார்த்திருக்காங்களாடி? பொண்ணு பார்க்க வந்தவங்ககூட ஒரு தடவை பார்த்துட்டு பஜ்ஜியைப் பார்த்தாங்க."

அவள் சிரிக்கத்தான் அதைச் சொன்னாள். முகத் தசையும் தளர்ந்திருந்ததால் அவள் சிரிப்பு அப்போதெல்லாம் உதட்டோரம் வரை வராது. சிரிக்கிறாளா சலித்துக்கொள்கிறாளா என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. நானும் சிரித்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஐப்பசி மழை விடாமல் பெய்த நாட்களில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல்தான். மறுநாள் காலை கஞ்சி விழுங்கும்போது புரை ஏறி, பிறகு மூச்சு திணற ஆரம்பித்தது. ஒரு வாக்கியத்தை முடிக்க அவளால் முடியவில்லை. ஆக்டிங் டிரைவருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. கீழே எங்கள் கார் நின்றுகொண்டிருந்தது. எனக்கு ஓட்டத் தெரியாது. ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனபோது பாலத்தில் எல்லா வண்டிகளும் ஒதுங்கி வழி விட்டன.

தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக் குழாய் போட்டார்கள். அவளால் பேச முடியாது, கண்ணைத் திறக்கவும் முடியாது. "ஆனா எல்லாம் கேக்கும், நீங்க பேசுங்க" என்று நர்ஸ் சொன்னாள். நான் பேசினேன். ஸ்கூல் கதை, பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள், காவிரியில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்பதெல்லாம். ஒரு தடவை மட்டும், நர்ஸ் பார்க்காத நேரத்தில், அவள் வலது இமையை என் விரலால் மெதுவாகத் தூக்கினேன். விழி என் பக்கம் நகர்ந்து என்னைப் பார்த்தது. "இருக்கேன்க்கா" என்றேன். அந்த விழியில் தண்ணீர் கட்டியது. விரலை எடுத்தேன், மூடிக்கொண்டது. நுரையீரலில் சளி கட்டிக் கிருமி பரவி, ஒரு விடியற்காலையில் போய்விட்டாள். கொள்ளிடக் கரையில் எல்லாம் முடிந்தது.

கார் சில மாதங்கள் கீழேயே நின்றது. பேட்டரி இறங்கிவிட்டது. தூசியில் குழந்தைகள் பெயர் எழுதினார்கள். கடைசியில் கே.கே. நகரில் இருக்கும் ஒரு குடும்பம் வாங்கிக்கொள்வதாகச் சொன்னது. புருஷன், மனைவி, அந்த அம்மாவின் கையில் ஒரு குழந்தை. அவர்களோடு சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு பெண்ணும் வந்து புது பேட்டரி மாட்டினாள். அவள் திரையில் எதையெதையோ தொட்டுக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் நின்றாள்.

"மேடம், இதுல டிரைவர் முகம் ஒண்ணு பதிஞ்சிருக்கு. ஓட்டுறவங்களை அடையாளம் கண்டுக்கிறதுக்காக. அதை எடுத்துட்டுத்தான் இவங்களுதைப் பதியணும். எடுத்துடவாங்க?"

"படம் இருக்காம்மா? ஒரு தடவை பார்த்துக்கிறேனே" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். விஷயத்தை யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"படமா இருக்காதுங்க மேடம். கண்ணுக்கும் மூக்குக்கும் எவ்வளவு தூரம், தாடை எப்படி, அந்த மாதிரி அளவுகள்தான் வச்சிருக்கும். அதை நம்மளால பார்க்க முடியாது."

வாங்க வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். அந்தக் குழந்தை மட்டும் காரின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். அந்த இருக்கையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அக்கா குள்ளம், இருக்கையை நன்றாக முன்னால் தள்ளி வைத்திருந்தாள். என் முழங்கால் இடித்தது.

"எங்கம்மா அமுக்கணும்?"

அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் காட்டினாள். அமுக்கினேன். நிச்சயமாகவா என்று திரை மறுபடியும் கேட்டது. மறுபடியும் அமுக்கினேன்.

அவர்கள் ஓட்டிக்கொண்டு போனபோது சாயங்காலம் ஆகியிருந்தது. கேட்டைச் சாத்திவிட்டு மாடிக்கு வந்தேன். அரிசி களைந்து வைத்தேன். இரண்டு பேருக்கான அளவைப் போட்டுவிட்டிருக்கிறேன் என்று உலை கொதித்த பிறகுதான் கவனித்தேன்.